30 மீட்டர் முதல் 60 சென்டிமீட்டர் வரை: தென்கிழக்காசியத் துணைக்கோள் தொடர்பு வணிகத்தின் வரலாறு

முன்னுரை

துணைக்கோள்வழித் தொடர்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் விண்ணில் ஏவப்பட்டவற்றை ஆண்டு வாரியாக அடுக்கிச் செல்வது வழக்கம். அவ்வாறு எழுதப்பட்ட வரலாறுகளில் ஏவுகலங்களும் நிறுவனங்களும் முதன்மை பெறுகின்றன. அவற்றின் பயனைப் பெற்ற நாடுகளும் வீடுகளும் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. இக்கட்டுரையில் நாம் விண்ணை விட்டுச் சற்றே கீழிறங்கி, தரையில் நின்ற அலைவாங்கித் தட்டின் விட்டத்தைக் கவனிக்க முற்படுகிறோம். 1970ஆம் ஆண்டுவாக்கில் ஏறத்தாழ 30 மீட்டராக இருந்த அவ்விட்டம் 1996இல் 60 சென்டிமீட்டராகச் சுருங்கியது. இச்சுருக்கம் தொழில்நுட்ப முன்னேற்றம் மட்டுமன்று. செய்தியின் வாயிலைக் காக்கும் அதிகாரம் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதையும் அது நமக்குக் காட்டுகிறது. மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளின் பட்டறிவைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

கூட்டுறவுக் காலம்

நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் வலம்வரும் ஒரு கோள், புவி சுழலும் அதே வேகத்தில் சுழல்வதால், தரையிலிருந்து நோக்குவோருக்கு அசையாது நிற்பதுபோல் தோன்றும். அத்தகைய கோள்கள் மூன்றிருந்தால் உலகம் முழுவதையும் இணைத்துவிடலாம் என ஆர்தர் சி. கிளார்க் 1945ஆம் ஆண்டு அக்டோபரில் எழுதிய கட்டுரை யாவரும் அறிந்ததே. பின்னாளில் அவர் இலங்கையில் குடியேறி, 2008இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார்.

இக்கருத்து வணிகமாக மலர இருபது ஆண்டுகள் பிடித்தன. 1962இல் ஏவப்பட்ட டெல்ஸ்டார் தாழ்ந்த பாதையில் விரைந்து சென்றமையால், அட்லாண்டிக்கின் இரு கரைகளையும் ஒரு சுற்றில் ஏறத்தாழ இருபது நிமிடம் மட்டுமே இணைக்க முடிந்தது. 1964ஆம் ஆண்டு ஆகஸ்டில் இன்டெல்சாட் என்னும் பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவாயிற்று. மறு ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் அதன் முதல் துணைக்கோளான 'ஏர்லி பேர்ட்' விண்ணேறியது. அது ஒரே நேரத்தில் 240 தொலைபேசி உரையாடல்களை அல்லது ஒரு தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தாங்க வல்லதாயிருந்தது.

அதன் மின்னாற்றல் 50 வாட்டுக்கும் குறைவு. அதுவும் பம்பரம்போல் சுழன்றுகொண்டிருந்தமையால், வெளியிட்ட அலைகளில் பெரும்பகுதி வெற்றுவெளியில் வீணாயிற்று. விண்ணிலிருப்பது மெலிந்ததாயின் மண்ணிலிருப்பது பெருத்ததாக இருந்தாக வேண்டும். எனவேதான் இன்டெல்சாட் வகுத்த முதல்தரப் புவி நிலையத்தின் அலைவாங்கி ஏறத்தாழ 30 மீட்டர் விட்டம் கொண்டதாய் அமைந்தது. இவ்வளவு பெரிய அமைப்பை எழுப்பவும் பேணவும் அரசால் மட்டுமே இயலும். 1969இல் இந்தியப் பெருங்கடலுக்கு மேலும் இன்டெல்சாட் கோள் நிறுத்தப்பட்டபின், மலேசியா 1970இல் குவாந்தானிலும் சிங்கப்பூர் 1971இல் செந்தோசாத் தீவிலும் புவி நிலையங்களைத் திறந்தன. அயல்நாட்டுத் தொலைபேசி அழைப்பும் நேரடி ஒளிபரப்பும் இவ்வாயில்கள் வழியே நாட்டினுள் நுழைந்தன. வாயில் ஒன்று, காவலனும் ஒருவன். அக்கால அரசுகளுக்கு இஃது உகந்த ஏற்பாடாகவே இருந்தது எனலாம்.

பலாப்பா: ஒரு சூளுரையின் பெயர்

1976ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் இந்தோனேசியா தனது பலாப்பா ஏ-1 துணைக்கோளை ஏவியது. உள்நாட்டுத் தொடர்புக்கெனத் தனித் துணைக்கோள் கண்ட வளரும் நாடுகளுள் அதுவே முதலாவதாகும். தீவுக்கூட்டம் முழுவதும் ஒன்றுபடும் வரை பலாப்பாவைச் சுவைப்பதில்லை எனப் பதினான்காம் நூற்றாண்டில் மஜாபாகித் பேரரசின் அமைச்சர் காஜா மாடா உரைத்த சூளுரையிலிருந்து அப்பெயர் பெறப்பட்டது. அமெரிக்காவின் ஹியூஸ் நிறுவனம் கட்டிய அக்கோளில் 12 டிரான்ஸ்பாண்டர்கள் இருந்தன. தரையிலிருந்து வரும் அலையை ஏற்று, அதிர்வெண்ணை மாற்றி, வலுவூட்டித் திருப்பியனுப்பும் கருவியே டிரான்ஸ்பாண்டர். துணைக்கோள் வணிகத்தில் விற்கப்படுவதும் வாடகைக்கு விடப்படுவதும் அதுவே.

தீவுகளெங்கும் நாற்பது புவி நிலையங்கள் எழுந்தன. அவற்றின் அலைவாங்கிகள் சுமார் 10 மீட்டர் அளவின. காரணம் தெளிவு. இன்டெல்சாட் கோள் புவியின் மூன்றிலொரு பங்கைத் தழுவ வேண்டியிருக்க, பலாப்பாவின் கற்றை இந்தோனேசியாவையும் அண்டை நாடுகளையும் மட்டும் நோக்கிக் குவிக்கப்பட்டது. அதில் மிகுந்த கொள்ளளவை மலேசியா, தாய்லாந்து, பிலிப்பீன்ஸ் ஆகிய நாடுகளும் குத்தகைக்கு எடுத்தன. வட்டார வணிகம் என்பது இங்கேதான் தொடங்கியது என நாம் கருதுகிறோம்.

ஆயினும் ஒற்றுமைக்கென அமைந்த ஒளிபரப்பு, தான் கருதாத ஒன்றையும் சிற்றூர்களுக்குக் கொண்டுசென்றது. நகரத்துப் பொருள்களின் விளம்பரங்கள், அவற்றை வாங்க வழியற்ற குடிகளின் கண்முன் நாள்தோறும் விரிந்தன. 1981இல் சுகார்த்தோ அரசு தேசியத் தொலைக்காட்சியில் விளம்பரத்தையே தடைசெய்தது. தானே ஏவிய கோளின் விளைவைக் கண்டு அரசே அஞ்சிய இந்நிகழ்வு, துணைக்கோள் வரலாற்று நூல்களில் போதிய இடம் பெறாதது வியப்பிற்குரியது.

அதே 1976ஆம் ஆண்டு டிசம்பரில், இந்தோனேசியா உள்ளிட்ட நிலநடுக்கோட்டு நாடுகள் சில கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் கூடி, தத்தம் நிலப்பரப்புக்கு நேர்மேலேயுள்ள புவிநிலைப் பாதையின் பகுதி தமக்கே உரியதென அறிவித்தன. 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை விண்வெளியை எந்நாடும் உரிமை கொண்டாடவியலாது என விதித்திருந்தமையால் அவ்வறிவிப்பு ஏற்கப்படவில்லை. எனினும் அதன்பின் இருந்த அச்சம் பொருளற்றதன்று. பாதையில் இடம் குறைவு. முதலில் வந்தோர் நிரப்பிவிட்டால் பின்வருவோர்க்கு என்ன எஞ்சும் என்பதே அவர்களது வினா.

மீட்கப்பட்ட இரு கோள்கள்

1984ஆம் ஆண்டு பிப்ரவரியில் சேலஞ்சர் விண்ணோடத்திலிருந்து விடுவிக்கப்பட்ட பலாப்பா பி-2, வெஸ்டார்-6 ஆகிய இரண்டும் உந்துபொறிக் கோளாறால் பயனற்ற தாழ்பாதையில் சிக்கின. காப்புறுதியாளர்கள் இழப்பீடு வழங்கினர். கோள்கள் அவர்களது உடைமையாயின. அவ்வாண்டு நவம்பரில் டிஸ்கவரி விண்ணோட வீரர்கள் வெளியில் மிதந்து சென்று அவ்விரண்டையும் பிடித்துத் தரைக்குக் கொண்டுவந்தனர். 1990ஆம் ஆண்டு ஏப்ரலில், ஆறு நாள் இடைவெளியில், அவை இரண்டும் மீண்டும் விண்ணேறின. பலாப்பா மறுபடியும் இந்தோனேசியாவிற்கே சென்றது. வெஸ்டாரோ ஹாங்காங் நிறுவனத்திற்கு விற்கப்பட்டு, ஏசியாசாட்-1 என்னும் புதுப்பெயருடன் சீன ஏவுகலத்தில் புறப்பட்டது.

ஆசிய வீடுகளின் வரலாற்றை மாற்றியது இரண்டாவதே. 1991இல் ஸ்டார் தொலைக்காட்சி அதன்வழி ஒளிபரப்பைத் தொடங்கிற்று. ஏறத்தாழ 3 மீட்டர்த் தட்டு ஒன்றிருந்தால் போதும், எந்நாட்டு அரசின் வாயிலையும் நாடாமல் அதனைப் பெறலாம். இந்தியாவில் தெருவுக்கொரு தட்டை நிறுத்தி, வீடுதோறும் கம்பிவடம் இழுத்த சிறு முதலாளிகள் ஒரு புதுத் தொழிலையே உருவாக்கினர். அப்பின்னணியில்தான் 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் சென்னையில் சன் தொலைக்காட்சி பிறந்தது. அதுவரை தூர்தர்ஷன் ஒன்றையே நம்பியிருந்த தமிழ்நாட்டு நேயர்களுக்கு அரசு சாராத தமிழ் ஒளிபரப்பு கிட்டியது.

60 சென்டிமீட்டர்

மலேசியாவும் சிங்கப்பூரும் இதனை வேறுவிதமாக எதிர்கொண்டன. இரு நாடுகளிலும் வீடுகளில் தட்டு வைத்தல் தடைசெய்யப்பட்டிருந்தது. சிங்கப்பூர் அத்தடையைத் தளர்த்தாமல், பல ஒளிவழிகளைக் கம்பிவடம் மூலம் வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் வழியைத் தேர்ந்தது. 1998ஆம் ஆண்டு ஆகஸ்டில் தைவானின் சுங்குவா டெலிகாமுடன் கூட்டுச்சேர்ந்து எஸ்டி-1 துணைக்கோளை ஏவியபோதும், அஃது வட்டார வணிகத்தையே முதன்மையாகக் கருதியது.

மலேசியா தேர்ந்த வழி நுட்பமானது. 1996ஆம் ஆண்டு ஜனவரியில் மீசாட்-1, நவம்பரில் மீசாட்-2 என இரு கோள்கள் பிரெஞ்சுக் கயானாவிலுள்ள கூரூவிலிருந்து ஏரியான் ஏவுகலங்களில் விண்ணேறின. இவற்றின் பின்னிருந்தவர், யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த மலேசியத் தொழிலதிபரும் 2024ஆம் ஆண்டு நவம்பரில் மறைந்தவருமான ஆனந்த கிருஷ்ணன். அவ்வாண்டே ஆஸ்ட்ரோ ஒளிபரப்புச் சேவை தொடங்கியது. தட்டுக்கு விதிக்கப்பட்டிருந்த தடையும் தளர்ந்தது. ஆனால் 60 சென்டிமீட்டருக்கு மிகாத தட்டிற்கே இசைவு.

இவ்வெல்லை தற்செயலானதன்று என்பது நம் கருத்து. அண்டை நாடுகளுக்கான ஒளிபரப்புகள் பெரும்பாலும் 4 கிகாஹெர்ட்ஸ் அளவிலான சி பட்டையில் பரந்த கற்றையாக வந்தன. அவற்றைப் பெறப் பெருந்தட்டு வேண்டும். மீசாட்டின் கே-யு பட்டைக் கற்றையோ மலேசியாவின் மேல் குவிந்து வலுவுடன் விழுந்தது. அதற்குச் சிறுதட்டே போதும். ஆகவே தட்டின் விட்டத்தை வரையறுத்தால், எந்தத் துணைக்கோளைப் பார்க்கலாம் என்பதையும் வரையறுத்ததாகிவிடும். தணிக்கை அதிகாரி செய்யவேண்டிய பணியை ஓர் அளவுகோல் செய்துமுடித்தது. குவாந்தானில் அரசு காத்த வாயில், இப்போது உரிமம் பெற்ற ஒரே நிறுவனத்தின் கைக்கு மாறிற்று.

கே-யு பட்டைக்கு ஒரு குறையுண்டு. 12 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர்; சி பட்டையின் அலை அதைவிட மும்மடங்கு நீளமானது. அலை குறுகக் குறுக மழைத்துளிகள் அதனை விழுங்கும் அளவு மிகும். கோலாலம்பூரிலிருந்து நோக்கினால் மீசாட் நிற்கும் கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகை ஏறத்தாழத் தலைக்கு மேலேயே உள்ளது. அலை மழையைக் கடக்கும் தொலைவு இதனால் குறைகிறது. அப்படியிருந்தும் மாலைநேர இடிமழையில் திரை இருண்டுபோவதை மலேசியக் குடும்பங்கள் நன்கறியும். ஐரோப்பிய வானிலைக்கு ஏற்ற தொழில்நுட்பம் வெப்பமண்டலத்தில் தடுமாறுவதற்கு இஃதொரு சான்று. வங்கிகளும் ஒளிபரப்பாளர்களும் இவ்வட்டாரத்தில் நெடுங்காலம் சி பட்டையைக் கைவிடாததற்கும் மழையே காரணம்.

மலேசியத் தமிழர்க்கு இம்மாற்றம் தனிப்பொருள் கொண்டது. அதற்குமுன் அரசுத் தொலைக்காட்சியில் தமிழுக்குக் கிடைத்தவை சில மணி நேரமே. எஞ்சிய வேட்கையை வாடகை ஒளிநாடாக்கள் தணித்தன. ஆஸ்ட்ரோவின் வானவில் தமிழுக்கெனவே ஒரு முழு ஒளிவழியாக அமைந்தது. சிறுபான்மை மொழி ஒன்று மாதக் கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர் தொகுதியாக எண்ணப்படும்போது அதற்கு இடம் கிடைக்கிறது. கட்டணம் செலுத்த இயலாத தோட்டப்புறக் குடும்பத்தை அக்கணக்கு எண்ணுவதில்லை என்பதையும் உடன் கருதவேண்டும்.

கூட்டுறவின் மறைவும் தாழ்பாதையின் எழுச்சியும்

இதற்கிடையே உலகளவில் கூட்டுறவுக் கோட்பாடு தளர்ந்துவந்தது. 1988இல் பான்ஆம்சாட் என்னும் தனியார் நிறுவனம் தன் முதல் கோளை ஏவி, இன்டெல்சாட்டின் தனியுரிமையை அசைத்தது. 2001ஆம் ஆண்டு ஜூலையில் இன்டெல்சாட் தனியார்மயமாயிற்று. 2006இல் அதே பான்ஆம்சாட்டை வாங்கிற்று. 2020இல் கடன்சுமையால் திவால் பாதுகாப்பை நாடியது. 2025ஆம் ஆண்டு ஜூலையில் லக்சம்பர்க்கின் எஸ்இஎஸ் நிறுவனத்தில் இணைந்தது.

மீசாட்டும் இடர்களைச் சந்தித்தது. 2006இல் ஏவப்பட்ட மீசாட்-3 கோளில் 2021ஆம் ஆண்டு ஜூனில் கோளாறு நேர, சேவைகளைப் பிற கோள்களுக்கு மாற்றவேண்டியதாயிற்று. 2022ஆம் ஆண்டு ஜூனில் விண்ணேறிய மீசாட்-3டி, தொலைக்காட்சியோடு இணையச் சேவையையும் கருத்திற்கொண்டு வடிவமைக்கப்பட்டது. 2023இல் இந்தோனேசியா ஏவிய சத்ரியா-1, நொடிக்கு 150 கிகாபிட் கொள்ளளவுடன் பள்ளிகள், மருத்துவ நிலையங்கள் முதலானவற்றை இணைக்க எண்ணியது. புவிநிலைப் பாதையின் வணிகம் ஒளிபரப்பிலிருந்து இணையத்திற்குத் திரும்புவதை இவை உணர்த்துகின்றன.

ஆனால் இணையத்திற்குத் தொலைவு பகையாகும். புவிநிலைக் கோளுக்குச் சென்று திரும்ப ஒளியின் வேகத்திலும் கால் நொடி ஆகும். வினவி விடைபெற அரை நொடி. 1998இல் 66 கோள்களுடன் தாழ்பாதைத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கிய இரிடியம் மறு ஆண்டே நொடித்துப்போனது. இருபது ஆண்டுகள் கழித்து, 2019ஆம் ஆண்டு மே மாதம் முதல், ஸ்டார்லிங்க் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் கோள்களைத் தொகுதி தொகுதியாக நிறுத்தலாயிற்று. அதன் சேவை 2023ஆம் ஆண்டு ஜூலையில் மலேசியாவிற்கும் 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தோனேசியாவிற்கும் வந்தது.

அந்நிறுவனம் முதலில் வழங்கிய வட்டத் தட்டின் விட்டம் ஏறத்தாழ 59 சென்டிமீட்டர். கால் நூற்றாண்டுக்குப் பின்னும் அளவு மாறவில்லை; நோக்கும் இலக்கே மாறிவிட்டது. ஆஸ்ட்ரோ தட்டு விண்ணில் ஒரே புள்ளியை நோக்கி நிலைத்திருக்கும். இப்புதிய தட்டோ, தன் பரப்பிலுள்ள நூற்றுக்கணக்கான சிறு அலைவாங்கிகளின் அலைகளை மின்னணு முறையில் ஒருங்கிசைத்து, விரையும் கோளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்கிறது. கோள்கள் தமக்குள் ஒளிக்கற்றையால் பேசிக்கொள்ள வல்லன ஆதலின், தரைவாயில் அதே நாட்டில் இருக்க வேண்டும் என்னும் தொழில்நுட்பக் கட்டாயமும் நீங்கிவருகிறது. விட்டத்தை வரையறுக்கும் விதி இங்கே பயன்தராது. அரசின் கையில் எஞ்சுவன உரிமமும் அதன் நிபந்தனைகளுமே.

பொகோட்டாவில் எழுந்த வினாவிற்கு 1988இல் ஓரளவு விடை கிடைத்தது. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அவ்வாண்டு வகுத்த திட்டம், புவிநிலைப் பாதையில் ஒவ்வொரு நாட்டிற்கும் ஓர் இடமேனும் ஒதுக்கி வைத்தது. பயன்படுத்த வசதியற்ற நாட்டின் இடமும் அதன் பெயரிலேயே காத்திருக்கும். தாழ்பாதைக்கு அத்தகைய ஒதுக்கீடு கிடையாது. 2019ஆம் ஆண்டு மாநாட்டில் அதே ஒன்றியம் வகுத்த விதி, பதிவு செய்வோர் குறித்த காலத்தொடக்கத்திலிருந்து இரண்டு ஆண்டுகளில் 10 விழுக்காடு, ஐந்து ஆண்டுகளில் 50 விழுக்காடு, ஏழு ஆண்டுகளில் முழுத்தொகுதி எனக் கோள்களை நிறுத்தவேண்டும் என்கிறது. ஏட்டளவில் இடம்பிடிப்போரைத் தடுக்க எழுந்த விதி இது. ஏவுகலங்களைத் தாமே வைத்திருப்போர்க்கு அதனை நிறைவேற்றுதல் எளிது. குவாந்தானிலும் செந்தோசாவிலும் 30 மீட்டர் அலைவாங்கிகளை எழுப்பிய நாடுகள் இவ்வரிசையில் எங்கே நிற்கும் என்பதை அவ்விதி கூறவில்லை.