பத்தடி மெஷின் வந்த பிறகு

இன்னைக்கு ஃப்ளெக்ஸ் பேனரோட வரலாறு. நம்ம தெருவில் ஏன் இவ்வளவு பேனர்னு கேட்டா அரசியல், சினிமா, சாதி, பெருமைன்னு பதில் வரும். அதெல்லாம் உண்மைதான். ஆனா அந்த ஆசைகள் 1980லயும் இருந்துச்சே, அப்போ ஏன் காதுகுத்துக்கு 80 சதுர அடியில் பேனர் வரலை? நான் இன்ஜினியர், என் புத்தி மெஷின் பக்கம்தான் போகும். சின்ன ஊர் பிரிண்டிங் கடைக்காரர்கள் எந்த மெஷினை வாங்கினாங்க என்பதில் பாதி பதில் இருக்குன்னு நினைக்கிறேன்.

முதலில் கை ஓவியக் காலம். 1957ல் ‘வணங்காமுடி’ படத்துக்கு சென்னை சித்ரா தியேட்டர் முன்னால் சிவாஜிக்கு 80 அடி கட்-அவுட் வைத்தார்கள். செய்தது மோகன் ஆர்ட்ஸ். சின்ன போட்டோ மேல கட்டம் போடுவாங்க, அதே கட்டத்தைப் பலகையில் பெருசாப் போட்டு, ஒவ்வொரு கட்டமா வரைஞ்சுக்கிட்டே போவாங்க. ஒரு மூக்கே அவ்வளவு பெருசா இருக்கும். நாள்கணக்கில் ஆகிற வேலை, பல பேர் கூலி. அதனால பெரிய முகம் பெரிய நடிகருக்கும் பெரிய தலைவருக்கும்தான். வட்டச் செயலாளருக்குக் கிடைச்சது சுவர் எழுத்துதான்.

2000களில் டிஜிட்டல் சால்வென்ட் பிரிண்டர்கள் நம்ம ஊர்களுக்குப் பரவுது. பாடி சீனாவில் செய்தது. உள்ளே இருக்கிற பிரிண்ட் ஹெட் ஜப்பானின் கோனிகா, சீக்கோ, இங்கிலாந்தின் ஸார், இப்படி. மின்சாரம் கொடுத்தா உருவம் மாறுகிற பொருளை வச்சு மையைத் துளியாத் தள்ளுறாங்க. அந்த பீசோ விளைவை 1881லேயே கியூரி சகோதரர்கள் சோதனையில் உறுதி பண்ணியாச்சு. 120 வருஷம் கழிச்சு அது நம்ம ஊர் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வந்து சேர்ந்தது.

சரி, கடைக்காரர் எதைப் பார்த்து வாங்குவார்? முதலில் அகலம். 3.2 மீட்டர், கடை மொழியில் ‘பத்தடி மெஷின்’. பத்தடி பேனர் ஒட்டு இல்லாம ஒரே துண்டா வரும். ஆறடி மெஷின்னா நடுவுல ஒட்டணும், தலைவர் முகத்துல கோடு விழும், சண்டை வரும். அடுத்தது துளி. கோனிகா 512 ஹெட்டில் 512 துளைகள். ஒரு துளி 14 பிகோலிட்டர் அல்லது 42 பிகோலிட்டர். 14ல் படம் நைஸா வரும், ஆனா மெதுவா ஓடும். 42 கிட்டப் பார்த்தா புள்ளி புள்ளியாத் தெரியும், ஆனா வேகம். 20 அடி தள்ளி பைக்கில் போகிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒண்ணுதான். அதனால நிறைய கடைகள் 42க்குப் போனாங்க.

இங்கதான் எனக்கு முக்கியமாப் படுற விஷயம். இந்த மெஷினை சும்மா வைக்க முடியாது. சால்வென்ட் மை சீக்கிரம் காயும். ஓட்டாம விட்டா ஹெட் அடைச்சுக்கும், புது ஹெட் விலை கடைக்காரரைப் படுக்க வைக்கும். மேல லோன் தவணை வேற. ஆக தினமும் ஏதாவது அடிச்சே ஆகணும். தெருவுல இன்னொரு கடையும் அதே மெஷினை வாங்கும், சதுர அடி ரேட் இறங்கும், தவணை கட்ட இன்னும் அதிக சதுர அடி தேவைப்படும். பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி, பத்தாம் வகுப்பு மார்க், எல்லாமே பேனர் ஆனது இப்படித்தான். ஆசை ஏற்கெனவே இருந்தது. மெஷின் அதுக்கு விலையைக் குறைச்சது.

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில், இப்படி ஒரு கடைக்காரர் அண்ணனிடம் பேசினேன். 14 கிலோமீட்டர் பாதை, மாசாமாசம் பௌர்ணமி, வருஷத்துக்கு ஒரு கார்த்திகை தீபம். அன்னதானம் போடுறவங்க எல்லாருக்கும் பேர் போட்ட பேனர் வேணும். பெரிய கோயில் சுவர்களில் யார் என்ன தானம் கொடுத்தாங்கன்னு சோழர் காலத்திலிருந்து கல்லில் வெட்டியிருக்கு. கல்லுக்குப் பதில் இப்போ பிவிசி பூசின பாலியஸ்டர் துணி, அவ்வளவுதான். “கல்வெட்டு நிக்கும் தம்பி, என்னுது ரெண்டு மழைக்குக் கிழிஞ்சிடும். அதான் திரும்ப ஆர்டர் வருது” என்றார்.

ஆனா கிழியறதோட முடியறதில்லை. 2019 செப்டம்பர் 12, சென்னை பள்ளிக்கரணை. சாலை நடுவில் கட்டியிருந்த கல்யாண பேனர் ஸ்கூட்டரில் போன 23 வயது பெண் மேல விழுந்தது. கீழே விழுந்தவர் மேல் பின்னால் வந்த தண்ணி லாரி ஏறியது. அவரும் ஐடி வேலைக்காரர். எங்க ஆபீஸ் கேன்டீன்ல அந்த வாரம் வேற பேச்சே இல்லை. அனுமதி வாங்கணும், அனுமதி விவரத்தை பேனரிலேயே போடணும்னு 2011லேயே விதி வந்தது. யாரும் மதிக்கலை. அந்த சாவுக்குப் பிறகு உயர் நீதிமன்றம் அரசைக் கடுமையாகக் கேட்டது, கட்சிகள் பேனர் வைக்காதீங்கன்னு தொண்டர்களுக்கு அறிக்கை விட்டன. பேனரை அடிச்ச அச்சகத்துக்கு மாநகராட்சி சீல் வச்சது. அதாவது, வைத்தவர் மட்டுமில்லை, அடிச்சவரும் மாட்டுவார்னு ஊர் ஊராக் கடைக்காரர்களுக்குப் புரிஞ்சது அப்போதான்.

அந்தப் பயம் மெஷின் தேர்விலும் தெரியுது. அண்ணன் இப்போ பார்க்கிறது ஆறடி ஈகோ-சால்வென்ட் மெஷின், எப்சன் ஹெட். ஃப்ளெக்ஸைவிட வினைல் ஸ்டிக்கர், கடை போர்டு, வண்டி ஸ்டிக்கருக்கு ஏத்தது. கிட்ட நின்னு பார்க்கிற சரக்கு, அதனால துளி நைஸா இருக்கணும். நெடி கம்மி, பழைய மெஷின் ஓடினா இருமல்னு அவர் வீட்டு அம்மா சொல்றாங்க. முக்கியமா, கடைக்குள்ள ஒட்டுற ஸ்டிக்கர் யார் தலையிலும் விழாது. ஆனா லாபக் கணக்கு இன்னும் இடிக்குது: சதுர அடிக்கு ரேட் அதிகம், ஆர்டர் கம்மி. முழுசா மாறுங்கன்னு தவணை கட்டாத நான் சொல்றது சுலபம்.

பத்தடி மெஷினை அவர் விற்கலை. யாரும் நல்ல விலைக்குக் கேட்கலையாம். தினமும் காலையில் ஒரு நாசில் டெஸ்ட் மட்டும் அடிச்சுப் பார்த்துட்டு மூடி வைக்கிறார். அடுத்த பெரிய வேலை தீபத்துக்கு. இந்தத் தடவை அனுமதிக் கடிதத்தைக் காட்டினாதான் ஃபைலையே திறப்பேன்னு கடை வாசல்ல எழுதி ஒட்டியிருக்கார், ஏ4 பேப்பர்ல.