டோர்னக்கல்லுக்குப் போன பிடி அரிசி

மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்தபோது, "என்னண்ணே, கான்கிரீட் கலவை பத்தி எழுதட்டுமா?" என்றேன். "ஹாஸ்டல்ல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சரித்திரம் பேசி எங்க தூக்கத்தைக் கெடுத்தவன் நீதானே, அதையே எழுது" என்றார். அதனால் இந்தத் தொல்லை உங்களுக்கு.

என் வேலை தெலங்கானாவில். ஊருக்கு வரும்போதெல்லாம் டோர்னக்கல் ஜங்ஷனில் ரயில் மாறுவேன். இரண்டு வருஷம் அங்கே டீ மட்டும் குடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் வண்டி நாலு மணி நேரம் லேட். சும்மா ஊருக்குள் நடந்தபோது ஒரு பேராலயம் கண்ணில் பட்டது. தூரத்தில் பார்த்தால் மசூதியின் கும்பங்கள், மினாரெட்டுகள். கிட்டே போனால் கோயில் மண்டபத்துத் தூண்கள். உள்ளே சிலுவை. 1939ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயம் அது. கட்டியவர் நம்ம திருநெல்வேலிக்காரர், பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

வெள்ளாளன்விளையில் 1874ல் ஒரு கிராமத்துக் குருவானவருக்குப் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். உடம்புக்கு முடியாமல் போனதால் பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். (அரியர் வைத்திருக்கும் தம்பிமார் இதை வீட்டில் சொல்லித் தப்பிக்க வேண்டாம்.) ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சுற்றினார். 1902ல் யாழ்ப்பாணம் போனபோதுதான் உள்ளுக்குள் குத்தியது. அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு சேர்த்து, கடல் தாண்டி நம் தொண்டிக்கு ஊழியரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அத்தனை சபைகள் உள்ள திருநெல்வேலி அப்படி யாரை அனுப்பியது?

அடுத்த வருஷமே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஆள் நம் ஆள், பணம் நம் பணம், நிர்வாகமும் நம் நிர்வாகம் என்பது அதன் கொள்கை. நிஜாம் ராஜ்ஜியத்தின் தெலுங்குக் கிராமங்களுக்கு ஊழியர்கள் புறப்பட்டார்கள். பணம் எங்கிருந்து வந்தது? பெரிய முதலாளிகளிடமிருந்து மட்டும் அல்ல. உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனியே வைப்பது நம் பக்கத்து வழக்கம். எங்கள் ஆச்சி வீட்டு அடுப்பங்கரையில் அதற்கென்றே ஒரு தகர டப்பா இருந்தது. சின்ன வயதில் அது கோயிலுக்கு என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். கோயிலைத் தாண்டி எங்கே போனது என்று கேட்கத் தோன்றவில்லை.

ஊழியரை அனுப்பியவரே 1909ல் தானும் கிளம்பிவிட்டார். அப்போது முப்பத்தைந்தைத் தொடும் வயது; என் வயதுதான். நல்ல வேலையை விட்டுவிட்டு டோர்னக்கல்லில் கூடாரம் அடித்து, தெலுங்கை முதலிலிருந்து படித்தார். (எனக்கு இன்னும் "தொந்தரகா ராண்டி"க்கு மேல் ஓடவில்லை.) அடுத்த வருஷம் எடின்பரோ மாநாட்டில் உலகத்து மிஷனரித் தலைவர்கள் முன்னால் எழுந்து, வெள்ளைக்கார மிஷனரிகள் எங்களுக்காக உழைக்கிறார்கள், தியாகம் செய்கிறார்கள், ஆனால் சிநேகிதராக இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். சேர்ந்து வேலை செய்கிற இந்தியனை வீட்டுக்கு அழைத்து ஒரு வாய் சாப்பாடு போடாத உறவு என்ன உறவு என்பதுதான் அவர் பேச்சின் சாரம். சபையில் பலருக்குக் கோபம். ஆனாலும் 1912 டிசம்பர் 29ல் கல்கத்தாவில் அவரைப் பேராயராக அபிஷேகம் செய்தார்கள். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான்.

பட்டம் பெரிதல்ல, அதற்குப் பிறகு கிராமங்களில் நடந்ததே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஞானஸ்நானம் பெறுகிறவர், மாலா, மாதிகா வகுப்புக் கூலியாள், எழுத்துக் கூட்டத் தெரியாதவர், தன் தலையில் தானே கை வைத்து, நற்செய்தியை நான் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று உறுதி சொல்ல வேண்டும். படித்தவன் பிரசங்கம் செய்வான், நாம் கேட்போம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அழுக்கு, நோய், கடன், குடி என்ற நாலையும் பேய்கள் என்று பெயர் வைத்து விரட்டச் சொன்னார். சீஷத்துவம் என்றால் முற்றத்தைப் பெருக்குவதும் வட்டிக்கு வாங்காமல் இருப்பதும் அதில் சேர்த்திதான். அங்கேயும் பிடி அரிசி உண்டு. கூலிக்காரனும் கொடுக்க வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் மனைவி அன்பு மரியம்மாள் பெண்கள் நடுவில் செய்த வேலையை நம் ஆட்கள் ஏனோ அரை வரியில் முடித்துவிடுகிறார்கள். நானும் அந்தத் தப்பைத்தான் செய்கிறேன்.

ஜாதி விஷயத்தில் கண்டிப்பானவர். ஒரே பாயில் ஆராதனை, ஒரே பந்தியில் சாப்பாடு. மதமாற்றம் பற்றி காந்தியடிகளோடு கடும் கருத்து வேறுபாடு இருந்தது. அதைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும். சபைகளின் ஐக்கியத்துக்காக 1919 தரங்கம்பாடி கூட்டம் முதல் பாடுபட்டவர், 1945 ஜனவரி 1ல் இறந்துபோனார். தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பரில்.

அன்றைக்கு லேட்டாக வந்த வண்டியில் உட்கார்ந்தபோது என் நினைப்பெல்லாம் சாப்பாட்டு மேலேயே இருந்தது. எங்கள் சைட்டில் இஞ்சினியர்களுக்கு ஏ.சி. கன்டெய்னர், மேஜை நாற்காலி. சென்ட்ரிங் ஆட்களும் கம்பி கட்டுகிறவர்களும் சிமெண்ட் மூட்டை நிழலில். ஆறு வருஷம் அவர்களோடு வேலை பார்த்தேன், பெயர் தெரியும், கூலி தெரியும். ஒரு வேளை கூட உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன் நான். மறுநாள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மேஸ்திரி எதையோ சரிபார்க்க வந்திருக்கிறேன் என்றே நினைத்துவிட்டார். ஒரு வாரம் கழித்துத்தான் ஒரு பையன் என் பாக்ஸில் கோங்குரா ஊறுகாய் வைத்தான்.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது டோர்னக்கல் ஆலயத்துப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். ஆச்சியின் தகர டப்பா இப்போது அம்மாவிடம். படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அம்புட்டு தூரமா போச்சி நம்ம அரிசி?" என்று கேட்டார்கள்.

"அரிசி போகலம்மா, அதை வித்த காசு போச்சு" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதாம்ல" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனார்கள்.