காட்டெருமையின் முதுகு

கொடைக்கானல் ஏரிச் சாலைக்குக் காட்டெருமை வந்துவிட்டால் இன்று எல்லோரும் செல்போனைத்தான் எடுக்கிறார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன் இதே மலையில் துப்பாக்கியை எடுத்தார்கள். வெள்ளைக்காரர்கள் இதை 'பைசன்' என்றார்கள், நாம் எருமை என்கிறோம். உண்மையில் இரண்டும் இல்லை, இது மாட்டினம்.

பேரிஜம் ஏரிக்கு அப்பால் ஃபோர்ட் ஹாமில்டன் என்று ஓர் இடம் உண்டு. டக்ளஸ் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரியின் பெயர்தான் அது. ஆனைமலை, நீலகிரி, பழனி மலைகளில் அவர் வேட்டையாடிய குறிப்புகள் 1892-இல் லண்டனில் புத்தகமாக வந்தன.

இந்த விலங்கை வேட்டையாட வந்த புது துரைக்கு அதன் முதுகே பெரிய சிக்கல். நம் ஊர்க் காளையின் திமில் வெறும் சதை. காட்டெருமைக்கோ முதுகெலும்பிலிருந்தே நீண்ட எலும்புகள் மேல்நோக்கி எழும்பி, தோளிலிருந்து நடுமுதுகு வரை ஒரு மேடாக நிற்கின்றன. ஆறடி உயரம், ஏறக்குறைய ஆயிரம் கிலோ எடையுள்ள கிடா பக்கவாட்டில் நிற்கும்போது, கண்ணுக்குத் தெரியும் உடம்பின் நடுவில் குறி வைத்தால் குண்டு மேலே போய்விடும். இதயம் அங்கே இல்லை. முன்னங்காலை ஒட்டி, நெஞ்சின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. தோள் முடிகிற அந்த இடத்தைப் பிரெஞ்சு வேட்டைக்காரர்கள் 'தெஃபோ த லெப்போல்' என்பார்கள். புதுச்சேரிப் பள்ளியில் 'தெஃபோ' என்றால் குறை என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தோளின் குறை என்றால் என்னவோ என்று வெகுநாள் குழம்பியிருக்கிறேன்!

குறி தவறினால் துரைக்குக் கௌரவக் குறைச்சல், அவ்வளவுதான். அடிபட்ட மாடு சோலைக்குள் புகுந்து எங்கோ படுத்து நாள் கணக்கில் செத்துக்கொண்டிருக்கும். ரத்தத் தடம் பார்த்து அதைத் தேடிப்போக வேண்டியவர், கூலிக்கு வழிகாட்ட வந்த மலைவாசி. அவர் கையில் துப்பாக்கி கிடையாது. பத்தடிக்கு மேல் கண் தெரியாத புதரில், வலியோடு காத்திருக்கும் கிடாவை முதலில் சந்திப்பவர் அவர்தான். வேட்டைப் புத்தகங்களில் துரையின் பெயர் இருக்கும், இவர்கள் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அந்த உடற்கூற்றுப் பாடம் இன்றும் வீண்போகவில்லை. காட்டெருமைக்கு மயக்க ஊசி செலுத்த நேர்ந்தால், கால்நடை மருத்துவர் தொடை, தோள் போன்ற கனத்த சதையைத்தான் குறி பார்க்கிறார். விலாப் பக்கம் போகமாட்டார். ஊசி இடுக்கில் பாய்ந்தால் நுரையீரல் கிழிந்துவிடும்.