நூடுல்ஸ் வந்த வழியும் குழந்தைகளின் உணவும்

நூடுல்ஸ் என்னும் உணவு இன்று நம் நாட்டில் நகரம், சிற்றூர் என்ற வேறுபாடின்றிச் சிறார் விரும்பி உண்ணும் உணவாகிவிட்டது. பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தை அதனையே கேட்கிறது. வேலை முடிந்து இல்லம் திரும்பும் அன்னையும் அதனையே எளிதெனக் கருதுகிறாள். எனினும், வளரும் குழந்தைக்கு இது ஏற்றதுதானா என்னும் ஐயம் பெற்றோர் உள்ளத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. இந்த ஐயத்திற்கு விடை காண, அவ்வுணவு நம் அடுக்களைக்கு வந்து சேர்ந்த வழியைச் சிறிது நோக்குதல் பயன் தரும். நூடுல்ஸ் எந்தெந்தத் துணைகளோடு புறப்பட்டது, அவற்றை எங்கே இழந்தது என்று அறிந்துகொண்டால், அவற்றை மீண்டும் சேர்ப்பது நமக்கு எளிதாகும்.

சீன நாட்டின் வடமேற்கே, மஞ்சளாற்றின் மேற்பகுதியில் லாஜியா என்னும் தொல்லூர் உண்டு. ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன்னர் நிலநடுக்கமும் வெள்ளமும் அவ்வூரை மண்ணுள் புதைத்தன. அங்கே அகழ்ந்தபோது, கவிழ்ந்து கிடந்த மண் கிண்ணம் ஒன்றின் அடியில் மெல்லிய மஞ்சள் நிற இழைகள் காணப்பட்டன. அவை தினை, பனிவரகு ஆகிய தானியங்களால் ஆனவை என்று ஆய்வாளர் 2005ஆம் ஆண்டில் அறிவித்தனர். நூடுல்ஸ் என்றதும் நாம் வெண்ணிற மைதா மாவையே நினைக்கிறோம். ஆயின் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றோ, குறிஞ்சி நிலத்துப் பயிரென நம் புலவர்கள் பாடிய அந்தத் தினையையே காட்டுகிறது.

மாவை நூலாக்கி உண்ணும் வழக்கம் நம் நாட்டுக்கும் புதியதன்று. தமிழகத்தின் இடியாப்பமும் சேவையும், கொங்கு நாட்டுச் சந்தகையும், கேரளத்தின் நூல்புட்டும், கன்னட நாட்டுச் சாவிகேயும் அவ்வகையினவே. வடநாட்டில் கோதுமைச் சேமியா ஈகைத் திருநாளன்று பாலும் பேரீச்சம்பழமும் சேர்ந்து இனிய உணவாகிறது. தென்னாட்டில் ஆவியில் வெந்த அரிசி நூலுக்குத் தேங்காய்ப் பாலோ, குழம்போ, காய்கறிக் குருமாவோ துணையாக வரும். வெறும் மாவு நூலை மட்டும் ஒரு வேளை உணவாகக் குழந்தைக்கு ஊட்டும் வழக்கம் நம்மிடையே இருந்ததில்லை.

சீன முறையிலான நூடுல்ஸ் நம் நாட்டில் வேரூன்றிய இடம் கல்கத்தா. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாரன் ஹேஸ்டிங்ஸ் ஆட்சி செலுத்திய காலத்தில், டாங் அச்சியூ என்னும் சீன வணிகர் ஹூக்ளி ஆற்றங்கரையில் நிலம் பெற்றுக் கரும்பு பயிரிட்டுச் சர்க்கரை ஆலை அமைத்தார். அவர் பெயராலேயே அவ்விடம் இன்றும் அச்சிப்பூர் என வழங்குகிறது. அவருக்குப் பின் வந்த சீனர்கள் டிரெட்டா பஜாரிலும், பின்னர் டாங்ராவிலும் குடியேறினர். கான்டன் பகுதியிலிருந்து வந்தோர் தச்சுத் தொழில் செய்தனர். ஹக்கா இனத்தார் தோல் பதனிடுவதிலும் காலணி செய்வதிலும் புகழ் பெற்றனர். 1962ஆம் ஆண்டுப் போரின்போது இவர்களுள் பலர் ராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். பலர் நாட்டைவிட்டே நீங்கினர். ஆயினும் அவர்கள் வளர்த்த உணவு இங்கேயே தங்கிவிட்டது. முட்டைக்கோசு, கேரட், பீன்ஸ், வெங்காயத்தாள் ஆகியவற்றை மெல்லியதாக அரிந்து, வாணலியில் பெருந்தீயில் வதக்கிச் செய்யும் அவ்வுணவை நாடெங்கும் ஹக்கா நூடுல்ஸ் என்றே அழைக்கிறோம்.

இமயச் சாரலில் அது வேறொரு வடிவம் கொண்டது. லடாக்கிலும் சிக்கிமிலும் குளிருக்கு இதமாக உண்ணப்படும் துக்பா, கீரையும் முள்ளங்கியும் இறைச்சியும் சேர்ந்த சாற்றில் மிதக்கும் நூடுல்ஸ் ஆகும். 1959ஆம் ஆண்டுக்குப் பின் திபெத்திய அகதிகள் நம் நாட்டின் பல பகுதிகளில் குடியமர்ந்தபோது, துக்பாவும் அவர்களுடன் சென்றது. வாணலியாயினும் சாறாயினும், நூடுல்ஸுக்கு உரிய இடம் காய்கறியின் அருகிலேயே இருந்தது.

துணையில்லாத வெண்தானியம் உடலுக்கு என்ன செய்யும் என்பதையும் நம் நாடு நெடுநாள் முன்பே ஆராய்ந்து கண்டது. 1918ஆம் ஆண்டில் நீலகிரியின் குன்னூரில், ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயச் சிறிய நிலையம் ஒன்றைத் தொடங்கினார். நன்கு தீட்டிய அரிசியையே பெரிதும் உண்போரை அந்நோய் பற்றியது. தவிட்டோடு நீங்கிவிடும் தயாமின் என்னும் வைட்டமினின் குறைவே அதற்குக் காரணம். 1920களில் மக்காரிசன், நாட்டின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவை வெள்ளெலிகளுக்கு அளித்து ஒப்பிட்டார். முழுக் கோதுமை ரொட்டி, பருப்பு, பால், காய்கறி ஆகியவை அடங்கிய சீக்கியர் உணவை உண்டவை செழித்தன. அரிசி மிகுந்து மற்றவை குறைந்த சென்னை, வங்காள உணவை உண்டவை நலிந்தன. பழி அரிசிக்கு உரியதன்று; தவிடு நீங்கியதும் துணை குன்றியதுமே குறை. அந்நிலையம் வளர்ந்து 1958ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்கு மாறியது. 1969ஆம் ஆண்டு முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயர் தாங்கி வருகிறது.

அதே 1958ஆம் ஆண்டில்தான் ஜப்பானில் நூடுல்ஸின் வரலாறு திசை மாறியது. உலகப் போர் முடிந்த பின் அந்நாடு பசியால் வாடியது. அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை மாவே பலருக்கு வாழ்வளித்தது. ஒசாகா நகரத்தில் ஒரு கிண்ண நூடுல்ஸுக்காக மக்கள் வரிசையில் நின்றதைக் கண்ட மோமோஃபுகு ஆண்டோ, வீட்டிலேயே நொடிப்பொழுதில் செய்யத்தக்க நூடுல்ஸை ஆக்க முற்பட்டார். வெந்த நூடுல்ஸை எண்ணெயில் பொரித்தால், அதிலுள்ள நீர் ஆவியாகி நுண்ணிய துளைகள் உண்டாகின்றன. பின்னர் வெந்நீர் ஊற்றியதும் அத்துளைகள் வழியே நீர் புகுந்து நூடுல்ஸ் மென்மையாகிறது. இம்முறையில் அமைந்த முதல் உடனடி நூடுல்ஸ் 1958ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் விற்பனைக்கு வந்தது. பசித்தவர்க்கு விரைந்து உணவு அளிக்கும் நன்னோக்கமே அதில் இருந்தது. ஆயின் நூடுல்ஸ் தன் துணைகளைப் பிரிந்து, தனியே பொட்டலத்துள் புகுந்ததும் அப்பொழுதுதான்.

நம் நாட்டுக்கு அப்பொட்டலம் மேகி என்னும் பெயரில் 1983ஆம் ஆண்டில் வந்தது. அப்பெயருக்கும் எண்ணிப் பார்க்கத்தக்க ஒரு முன்கதை உண்டு. 1880களில் ஸ்விட்சர்லாந்தில் ஆலை வேலைக்குச் சென்ற பெண்களுக்குச் சமைக்க நேரமில்லை. தொழிலாளர் குடும்பங்கள் சத்துக் குறைவால் வாடின. அந்நிலையை மாற்ற விரும்பிய பொதுநலச் சங்கத்தாரின் வேண்டுகோளை ஏற்று, ஜூலியஸ் மேகி என்னும் ஆலை உரிமையாளர் பருப்பு வகைகளை மாவாக்கி, விரைவில் வேகும் சூப்பாக விற்றார். விரைவும் புரதமும் அங்கே கைகோத்து நின்றன. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அப்பெயர் நம்மை வந்தடைந்தபோது, பருப்பின் இடத்தில் மைதா இருந்தது. விரைவு மட்டும் எஞ்சி நின்றது. அக்காலத்தில் தொலைக்காட்சி நம் இல்லங்களில் பரவத் தொடங்கியிருந்தது. இரண்டு நிமிடத்தில் உணவு என்னும் வாக்குறுதி அதன் வழியே அன்னையரின் செவியையும் குழந்தைகளின் கண்ணையும் எட்டியது.

2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், காரீயம் மிகுதியாக உள்ளது என்னும் குற்றச்சாட்டின் பேரில், அந்த நூடுல்ஸைத் திரும்பப் பெறுமாறு நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கட்டளையிட்டது. ஆகஸ்டு மாதத்தில் பம்பாய் உயர்நீதிமன்றம் அவ்வாணையை நீக்கி, மறுசோதனைக்கு உத்தரவிட்டது. சோதனை முடிவுகள் வரம்புக்கு உட்பட்டிருந்தமையால் நவம்பரில் விற்பனை மீண்டும் தொடங்கியது. அவ்வழக்கு நாடெங்கும் பேசப்பட்டது. ஆனால் ஒரு பொருள் நஞ்சற்றது என்று ஆகிவிட்டால் அது நிறைந்த உணவும் ஆகிவிடும் என்று கொள்ளுதல் பொருந்தாது. தவிடும் முளையும் நீங்கிய மாவில் நார்ப்பொருளும் பி வைட்டமின்களும் இரும்புச்சத்தும் குறைந்துபோகின்றன. குன்னூர் ஆய்வு உரைத்த பாடம் அரிசிக்கு மட்டும் உரியதன்று.

உப்பின் அளவையும் நாம் கருதுதல் வேண்டும். வயது வந்தோர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புக் கொள்ள வேண்டும் என்றும், சிறார்க்கு அதனினும் குறைத்தல் வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பொட்டலத்தின் மேல் சோடியத்தின் அளவு அச்சிடப்பட்டிருக்கும். அதனை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு என்பது பொருள். ஒரு சிறு குழந்தை ஒரே வேளையில் கொள்ளத்தக்க அளவன்று அது.

இனி, இழந்த துணைகளை மீட்கும் முறையைக் காண்போம். இரண்டு சிறுவர்க்கு 75 கிராம் நூடுல்ஸ் போதும். கோதுமை, கேழ்வரகு, தினை ஆகியவற்றால் ஆன நூடுல்ஸோ சேமியாவோ கிடைப்பின் அதுவே சிறப்பு. கொதிக்கும் நீரில் அதனை முக்கால் பதம் வேகவைத்து வடித்து, குளிர்ந்த நீரில் ஒரு முறை அலசினால் ஒன்றோடொன்று ஒட்டாது. கேரட், பீன்ஸ், முட்டைக்கோசு, பட்டாணி ஆகியவற்றை நூடுல்ஸின் எடையைப்போல் இரு மடங்கு, அதாவது 150 கிராம், எடுத்துப் பொடியாக நறுக்கிக்கொள்ளலாம். இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் பூண்டும் வெங்காயமும் வதக்கி, காய்களை இட்டுச் சிறிது நீர் தெளித்து மூடி வைத்தால், அவை தம் ஆவியிலேயே வெந்துவிடும். மிகுந்த நீரில் வேகவைத்து வடித்தால், நீரில் கரையும் வைட்டமின்கள் அந்நீரோடு போய்விடும்.

பின்னர் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறலாம். முட்டை உண்ணாதோர் வேகவைத்த பாசிப்பயற்றையோ பன்னீரையோ சேர்க்கலாம். இறுதியில் நூடுல்ஸை இட்டு, சுவைப்பொடியைத் தவிர்த்து, மிளகும் சீரகமும் பொடித்துத் தூவி, உப்பைச் சிறிதே சேர்த்து இறக்குக. இறக்கிய பின் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிதல் நன்று. அதிலுள்ள வைட்டமின் சி, தானியத்திலும் பயற்றிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். கேரட்டின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான கரோட்டின், எண்ணெயின் துணையால் உடலில் நன்கு சேரும். மிக இளங்குழந்தைகளுக்குக் காய்களை நன்கு குழைய வேகவைத்து மசித்து, நூடுல்ஸையும் சிறு துண்டுகளாக்கித் தருதல் வேண்டும். இல்லையேல் தொண்டையில் சிக்கக்கூடும். ஓராண்டு நிறையாத குழந்தைக்கு உப்பே வேண்டா.

இவ்வாறு சமைக்க இருபது நிமிடங்கள் ஆகலாம். இரண்டு நிமிட வாக்குறுதிக்கு முன் அது நெடிதாகத் தோன்றும். வெளியே வேலை செய்து திரும்பும் தாய்க்கு அந்த இருபது நிமிடமும் அரியதே. ஆதலின் இப்பணியை அவள் ஒருத்தியின் தலையில் சுமத்துதல் முறையன்று. தந்தை காய் நறுக்கலாம். பிள்ளைகள் பட்டாணி உரிக்கலாம். தான் உரித்த பட்டாணியைக் குழந்தை ஆவலோடு உண்ணும். காய்களை முதல் நாள் இரவே நறுக்கி, மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் நேரமும் மிஞ்சும்.

நம் நாட்டின் முயற்சியால் ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதனையொட்டி நம் கடைகளில் தினை, கேழ்வரகு நூடுல்ஸ்கள் பெருகியுள்ளன. அவற்றுள்ளும் மைதா கலந்தவை உண்டு. ஆதலின் பொருள்களின் பட்டியலைப் படித்து வாங்குதல் அறிவுடைமை. நூடுல்ஸைக் குழந்தைக்கு மறுத்துப் பூசலிட வேண்டியதில்லை. தானியத்தைத் தேர்ந்து, பொடியைக் குறைத்து, காயும் பயறும் கூட்டிக் கொடுத்தால், குழந்தை விரும்பும் உணவே அதனை வளர்க்கும் உணவும் ஆகும்.