உரும்பிராய்த் தோட்டத் தொழிலும் தொழிலாளர் சுகநலமும்

தொழிலாளர் சுகநலத் திட்டம் என்பது, கூலி கொடுத்து வேலை வாங்கும் ஸ்தாபனமொன்று தன்னிடம் உழைப்போரின் தேகாரோக்கியத்தையும் மனநிலையையும் பேணுவதற்கென வகுத்துக்கொள்ளும் ஏற்பாடு என்றே இக்காலத்தில் பொருள் கொள்ளப்படுகிறது. ஆயின் யாழ்ப்பாணம்–பலாலி வீதியில், வலிகாமம் கிழக்கின் செம்பாட்டு மண்மேல் அமைந்த உரும்பிராயில், வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் விளைவிக்கும் கமக்காரர் பெரும்பாலும் தாமே முதலாளியும் தாமே தொழிலாளியுமாக இருப்பதனால், அவ்வரைவிலக்கணம் இங்கே பாதி வழியில் நின்றுவிடுகிறது.

வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் பயிருக்கு வேண்டிய நீர் பெரும்பாலும் சுண்ணக்கற் பாறையில் வெட்டிய கிணறுகளிலிருந்தே வரவேண்டியிருந்தது. நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவுவதற்கு முன், ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டை பிடிக்க, மற்றொருவர் உயரத்திலே ஏற்றமரமான துலாமீது முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, வேறொருவர் வாய்க்காலருகே நின்று பாத்தி மாறிவிட, விடியுமுன்னரே இறைப்புத் தொடங்கிவிடும். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்கும் இவ்வழக்கம் பயிருக்கும் ஆளுக்கும் ஒருங்கே இதமானது. ஆனால் பனியில் நனைந்த துலாவில் ஒரு கால் வழுக்கினால், மிதிப்பவரைக் காக்க அவருடைய பழக்கத்தைத் தவிர வேறொரு சாதனமும் இருந்ததில்லை.

கூலிக்கு வந்தவர்களுக்குத் தேநீரும் சாப்பாடும் கொடுப்பது தோட்டக்காரரின் கடமையாகக் கருதப்பட்டது. இதனை நம்மவரின் பழைய நலத்திட்டம் என்று புகழ்வாருமுண்டு. அத்தேநீர் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குச் சிரட்டையில் வார்க்கப்பட்ட காலத்தை மறந்துவிட்டே அப்புகழ்ச்சியைச் சொல்லவேண்டியிருக்கும்.

மனநலம் என்னும் பகுதியில் இப்பிரதேசம் காட்டும் உதாரணம் மிக விசேஷமானது. உரும்பிராய்க்கு மேற்கேயும் தென்மேற்கேயும் உள்ள இணுவில், கோண்டாவில், தாவடி, கொக்குவில் ஆகிய ஊர்களின் சுருட்டுக் கொட்டில்களில், நாள் முழுவதும் சம்மணமிட்டிருந்து பதப்படுத்தும் திரவமான கோடா மணக்கும் புகையிலையைச் சுற்றுவோரின் சோர்வு தீர, ஒருவர் பத்திரிகையையும் தொடர்கதையையும் புராணக் கதையையும் உரத்து வாசிக்க, ஏனையோர் கை ஓயாமல் கேட்டிருப்பது வழக்கமாயிருந்தது. 1930ஆம் ஆண்டு சுன்னாகத்தில் நா. பொன்னையா தொடங்கிய ஈழகேசரி போன்ற ஏடுகள், எழுத்தறியாத பலருக்கும் எட்டியது இவ்வகை வாசிப்பினாலேயே. கியூபாவின் ஹவானா நகரச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல் இதே முறை நிலவியது. கடலுக்கப்பால் ஒருவரையொருவர் அறியாத இரு கூட்டத்தார், ஒரே இலையைச் சுற்றும் வேலையின் சலிப்புக்கு ஒரே மருந்தைக் கண்டுபிடித்தனர் போலும்! அந்த வாசிப்பு, ஆலோசகரை அமர்த்தி நடத்தும் இன்றைய மனநல வகுப்புகளிற் பலவற்றைக் காட்டிலும் பயனுள்ளதாயிருந்திருக்கும் என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

நோய்க்குச் சிகிச்சை என்ற அளவில், 1930களில் வலிகாமம் மேற்கில் உருவான மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலை, முதலாளி இல்லாதவர்கள் தமக்குள் பணம் சேர்த்து வைத்திய வசதி பெறலாம் என்பதற்குச் சான்றாகும்.

சட்டங்களோ முதலாளியைத் தேடியே நடந்தன. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் ஆகிய மூன்றும் கூலி கொடுப்பவர் ஒருவர் இருப்பதை முன்வைத்தே இயற்றப்பட்டன. தன் தறையில் தானே மண்வெட்டி பிடிப்பவர் எவரிடம் நட்டஈடு கோருவார்?

இதற்கிடையில் தொழிலின் அபாயம் உருமாறியது. துலா ஓய்ந்தது, முதுகில் மருந்துத் தாங்கி ஏறியது. வெங்காயத்துக்கும் மரக்கறிக்கும் மருந்தடிப்பவர், வெக்கையின் பொருட்டு முகமூடியையும் கையுறையையும் தவிர்த்து, சாரமும் வெறுங்காலுமாக நிற்பது சாதாரணக் காட்சியாயிற்று. ஒர்கனோபொஸ்பேற்று வகைக் கிருமிநாசினிகள் தோல் வழியாகவும் உடலுட் புகுவன. நரம்புச் செய்தியை அடக்கும் நொதியைத் தடுத்து, வியர்வை, வாந்தி, கண்மணிச் சுருக்கம், மூச்சுத் திணறல் ஆகியவற்றை உண்டாக்குவன. தொழில்சார் மருத்துவ அறிஞர் ஜெ. ஜெயரத்தினமும் அவருடைய சகாக்களும் 1982இல் வெளியிட்ட ஆய்வின்படி, கிருமிநாசினி நஞ்சினால் இலங்கையில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 13,000 பேர் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட, சுமார் 1,000 பேர் இறந்தனர். இவற்றிற் பெரும்பகுதி தற்கொலை முயற்சிகளே எனினும், தொழிலின்போது நேர்ந்தவையும் சொற்பமல்ல. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பின் படிப்படியாக விதிக்கப்பட்ட தடைகளில், 1995இல் மொனோகுரோட்டோபொசும் மெத்தமிடோபொசும், 1998இல் எண்டோசல்பானும் விலக்கப்பட்டன. அறிவுரைகள் எத்தனையோ சொல்லப்பட்டிருக்க, உயிர்களைக் காத்ததில் பெரும்பங்கு நஞ்சையே கடையிலிருந்து அகற்றிய இத்தடைகளுக்கு உரியது.

புகையிலை பறிப்போருக்கு வேறொரு தொல்லையுண்டு. பனியால் ஈரமான இலையிலிருந்து நிக்கொட்டின் தோலினூடே ஊறித் தலைச்சுற்றும் குமட்டலும் வருகின்றன. பறித்த இலைக்குக் கொட்டிலில் பொச்சுமட்டை எரித்துப் புகையூட்டும்போது கண்ணெரிவும் இருமலும் சேர்கின்றன.

கமக்காரரையே உரித்தாளராகக் கொண்டு முதலில் எழுந்த பெரிய ஏற்பாடு, 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட கமக்காரர் ஓய்வூதியத் திட்டமாகும். ஆனால் அது முதுமைக்கு உதவுவதேயன்றி, அவர் குடிக்கும் கிணற்று நீரைக் காப்பதன்று. மருந்தடித்து வந்தவர் கைகால் கழுவும் தோட்டக் கிணறும் வீட்டார் குடிக்கும் கிணறும் ஒரே சுண்ணக்கற் பாறையின் நீரையே ஊற்றெடுப்பதனால், பாத்திகளில் இட்ட உரத்தின் நைத்திரேற்று வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் உலக சுகாதார ஸ்தாபன வரம்பைத் தாண்டிக் காணப்படுகிறது. அதன் கேடு முதலிற் சேர்வதோ புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு.