ஆடுகளும் அமீனாவும்: அரிசோனாவில் ஒரு சம்மனின் கதை

கடன் வாங்கினவர் திருப்பித் தரலைன்னா கடன் குடுத்தவர் என்ன பண்ணுவார்? வக்கீலைப் பார்ப்பார், கேஸ் போடுவார். கோர்ட்டிலிருந்து சம்மன் வரும். அமீனா வந்து கதவைத் தட்டி, காகிதத்தைக் கையில குடுத்து, கையெழுத்து வாங்கிட்டுப் போவார். இதுல என்னய்யா வரலாறு இருக்குன்னு கேப்பீங்க. அந்தக் காகிதம் எந்த எல்லை வரைக்கும் செல்லுபடியாகும்கிற கேள்வி அமெரிக்காவுல இருநூறு வருஷமா தீராம இழுத்துக்கிட்டிருக்கு. சுப்ரீம் கோர்ட் இதைச் சுத்திச் சுத்தி தீர்ப்பு எழுதியிருக்கு. அதுல ரெண்டு முக்கியமான வழக்குல ஆடு வருது. நெசமாவே ஆடுதான் :-)

நான் வக்கீல் இல்லை, பொட்டி தட்டறவன். இந்த விஷயத்துக்குள்ள என்னை இழுத்துவிட்டது நேர மண்டலப் பட்டியல். அரிசோனா மாநிலம் கோடையில கடிகாரத்தை மாத்தாது. ஆனா அதே மாநிலத்துக்குள்ள இருக்கற நவஹோ பழங்குடி நிலத்துல மாத்துவாங்க. அந்த நவஹோ நிலத்துக்கு நடுவுல தீவு மாதிரி இருக்கற ஹோப்பி பழங்குடி நிலத்துல மறுபடி மாத்த மாட்டாங்க. ஒரு சாதாரண தேதிக் கணக்குக்கே மூணு அடுக்கு நிபந்தனை போட வேண்டியிருக்கு. கடிகாரமே இப்படின்னா சட்டம் எப்படி இருக்கும்னு தேட ஆரம்பிச்சதோட விளைவுதான் இந்தப் பதிவு.

முதல்ல இடத்தைப் பார்த்துடுவோம். அரிசோனாவோட வடகிழக்கு மூலையில வடக்கு-தெற்கா ஒரு நீளமான பட்டை மாதிரி இருக்கறது அபாச்சே கவுண்டி. கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரின்னு வச்சுக்குங்க. அதோட தலைநகர் தெற்குப் பக்கம் இருக்கற செயின்ட் ஜான்ஸ். கவுண்டி கோர்ட்டு அங்கதான். அதே கவுண்டியோட வடபாதி நவஹோ நாட்டுக்குள்ள இருக்கு. நவஹோ நாட்டோட தலைநகரான வின்டோ ராக்கும் இதே கவுண்டிக்குள்ளதான். ஒரே மாவட்டம், ரெண்டு தலைநகர், ரெண்டு போலீஸ், ரெண்டு கோர்ட்டு. நவஹோ நிலத்தோட மொத்தப் பரப்பு சுமார் 27,000 சதுர மைல். நம்ம தமிழ்நாட்டுல பாதிக்கும் மேல. அரிசோனா, நியூ மெக்ஸிகோ, யூட்டான்னு மூணு மாநிலத்துல பரவிக் கிடக்கு. அங்க நிறைய வீடுகளுக்குத் தெரு பேரோ கதவு எண்ணோ கிடையாது. மண் ரோட்டுல இத்தனை மைல் போய் தண்ணித் தொட்டிகிட்ட திரும்பணும்கிற மாதிரிதான் அடையாளம் சொல்லுவாங்க. அமீனாவுக்கு வீட்டைக் கண்டுபிடிக்கறதே பாதி வேலை. மீதிப் பாதிதான் சட்டம்.

சட்டத்தோட கதை அரிசோனாவுல ஆரம்பிக்கலை. தென்கிழக்குல, ஜார்ஜியாவுல ஆரம்பிக்குது.

1830ல கார்ன் டாசல்னு ஒரு செரோக்கி இனத்தவர், செரோக்கி நிலத்துல இன்னொரு செரோக்கியைக் கொன்னதா ஜார்ஜியா மாநிலம் பிடிச்சுத் தூக்குத்தண்டனை குடுத்துச்சு. எங்க நிலத்துல நடந்ததை விசாரிக்க நீங்க யாருன்னு செரோக்கிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க. தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், ஜார்ஜியா வந்து பதில் சொல்லணும்னு டிசம்பர் மாசம் உத்தரவு அனுப்பினார். காகிதம் போய்ச் சேர்ந்துச்சு. ஜார்ஜியா சட்டசபை கூடி, அதை மதிக்கப் போறதில்லைன்னு தீர்மானம் போட்டுச்சு. டிசம்பர் 24ஆம் தேதி அந்த மனுஷனைத் தூக்குல போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் விசாரிக்க ஆளே இல்லை.

ரெண்டு வருஷம் கழிச்சு, 1832ல, வூஸ்டர் வழக்கு. சாமுவேல் வூஸ்டர்ங்கற பாதிரியார் ஜார்ஜியாவோட அனுமதிச் சீட்டு வாங்காம செரோக்கி நிலத்துல தங்கினார்னு நாலு வருஷம் கடுங்காவல். செரோக்கி நிலத்துக்குள்ள ஜார்ஜியாவோட சட்டத்துக்கு எந்தச் சக்தியும் இல்லைன்னு மார்ஷல் தீர்ப்பு எழுதினார். தீர்ப்பு வந்தும் பாதிரியார் வெளிய வர 1833 ஜனவரி ஆயிடுச்சு, அதுவும் கவர்னர் மன்னிப்புல. செரோக்கிகளோ தீர்ப்புல ஜெயிச்சும் 1838ல ஊரை விட்டே துரத்தப்பட்டாங்க. ஆனாலும் அந்தத் தீர்ப்பு ஏட்டுல இருந்துச்சு. ஏட்டுல இருக்கறது சும்மா இல்லைங்கறது 127 வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

இப்ப நவஹோவுக்கு வருவோம். 1864ல அமெரிக்க ராணுவம் இவங்களைத் தோற்கடிச்சு, நூத்துக்கணக்கான மைல் நடக்க வச்சு, நியூ மெக்ஸிகோவுல பாஸ்க் ரெடோண்டோங்கற இடத்துல அடைச்சுது. 1868ல ஒப்பந்தம் போட்டு ஊர் திரும்ப விட்டாங்க. அதுல ஒரு வரி முக்கியம். மத்திய அரசோட ஆட்களும், ஒப்பந்தம் அனுமதிச்சவங்களும் தவிர வேற யாரும் இந்த நிலத்துக்குள்ள வரக்கூடாது. அரிசோனா அப்ப மாநிலமே கிடையாது, 1912லதான் ஆச்சு. ஆக அரிசோனாவோட அமீனா இந்தப் பட்டியல்ல இல்லை.

ஊர் திரும்பினவங்க ஆடு வளர்த்தாங்க. நவஹோ வாழ்க்கையே செம்மறியாடுதான். கறி, கம்பளி, நெசவு, சீதனம், மானம் எல்லாமே. 1930கள்ல மேய்ச்சல் நிலம் பாழாகுதுன்னு மத்திய அரசு ஆட்டு மந்தைகளைக் கட்டாயமாக் குறைச்சுது. கண் முன்னாடியே ஆடுகளைச் சுட்டுக் கொன்ன இடங்கள் உண்டு. அந்த வடு இன்னிக்கும் அவங்க பேச்சுல இருக்கு. அதனால ஒருத்தர் ஆட்டைப் பிடிச்சுட்டுப் போறதுன்னா அங்க என்ன அர்த்தம்னு யோசிச்சுக்குங்க.

கனாடோன்னு ஒரு ஊர். அங்க ஹ்யூ லீ-ங்கற வெள்ளைக்காரர் பலசரக்குக் கடை வச்சிருந்தார். பழங்குடி நிலத்துல கடை வைக்கணும்னா மத்திய அரசோட லைசென்ஸ் வேணும், அது அவர்கிட்ட இருந்துச்சு. அங்க வியாபாரமே கணக்குப் புத்தகத்துலதான். வசந்த காலத்துல கம்பளி வெட்டினதும், இலையுதிர் காலத்துல குட்டிகளை வித்ததும் கடனை அடைப்பாங்க. நம்ம ஊர் அண்ணாச்சி கடை நோட்டு மாதிரியேதான். வில்லியம்ஸ்னு ஒரு நவஹோ தம்பதி பாக்கி வச்சாங்க. 1950களோட தொடக்கத்துல லீ கேஸ் போட்டார், நவஹோ கோர்ட்டுல இல்லை, அரிசோனா மாநிலத்தோட அபாச்சே கவுண்டி கோர்ட்டுல. ஷெரிஃப் ஆள் வந்து கடனுக்கு ஈடா ஆடுகளை ஜப்தி பண்ணாங்க.

கனாடோவிலிருந்து செயின்ட் ஜான்ஸ் சுமார் 90 மைல். அந்தக் காலத்துல நவஹோக்கள் நிறையப் பேருக்கு இங்கிலீஷ் தெரியாது. அரிசோனாவுல பழங்குடி நிலத்துல வாழறவங்களுக்கு ஓட்டு கிடைச்சதே 1948லதான். அந்தக் கோர்ட்டு அவங்களுக்கு எவ்வளவு அந்நியம்னு இதுலயே புரியும். சம்மன் வந்து நீங்க போகலைன்னா எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது எதிராளி சொன்னதே முடிவு. ஒரு காகிதத்தை யார் குடுக்கலாம்கிறது வெறும் நடைமுறை விவகாரம் இல்லைன்னு நான் சொல்றது இதனாலதான். எந்தக் கோர்ட்டுல, எந்த மொழியில, யார் முன்னாடி நீங்க நிக்கணும்கிறதை அந்தக் காகிதம்தான் முடிவு பண்ணுது.

நவஹோ சமூகம் தங்களோட வக்கீல் நார்மன் லிட்டெல் மூலமா வழக்கை நடத்துச்சு. அரிசோனா சுப்ரீம் கோர்ட் லீ பக்கம் நின்னுது. இப்படி வழக்கு விசாரிக்கக் கூடாதுன்னு மத்திய சட்டம் எதுவும் வெளிப்படையாத் தடுக்கலையே, அப்ப விசாரிக்கலாம்கிறது அவங்க வாதம். வாஷிங்டன்ல அது தலைகீழாச்சு. 1959 ஜனவரி 12, நீதிபதி ஹ்யூகோ பிளாக் எழுதின ஏகமனதான தீர்ப்பு. லீ பழங்குடி இல்லைங்கறது ஒரு பொருட்டில்லை. அவர் இருந்தது அந்த நிலத்துல, வியாபாரம் நடந்தது அந்த நிலத்துல. தங்களுக்கான சட்டத்தைத் தாங்களே வச்சுக்கற உரிமையில மாநிலக் கோர்ட்டு கை வைக்க முடியாது, லீ போக வேண்டியது நவஹோ கோர்ட்டுக்கு. வூஸ்டர் தீர்ப்பைத் தூசி தட்டி எடுத்து அடிப்படையா வச்சிருந்தார் பிளாக். அதே வருஷம் ஏப்ரல்ல நவஹோக்கள் தங்களோட நீதித்துறையைத் தனி அங்கமாவே அமைச்சாங்க.

சரி, கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லைன்னு ஆச்சு. ஆனா பிரச்சனை வெளியில நடந்து, ஆள் மட்டும் பழங்குடி நிலத்துக்குள்ள குடியிருந்தா? சம்மனை உள்ள கொண்டு போய்க் குடுக்கலாமா? இங்கதான் வேடிக்கை. 1973ல நியூ மெக்ஸிகோ சுப்ரீம் கோர்ட், ஒரு நவஹோவுக்கு அவரோட நிலத்துக்குள்ளயே சம்மன் குடுத்தது செல்லும்னு சொல்லுச்சு. 1976ல அரிசோனா சுப்ரீம் கோர்ட், பாபாகோ நிலத்துல (இப்ப அவங்க பேரு டொஹோனோ ஓ'ஓடம்) ஷெரிஃபோட டெபுடி போய்க் குடுத்த காகிதம் செல்லாதுன்னு சொல்லுச்சு. எல்லைக்குள்ள போனா டெபுடியோட அதிகாரம் முடிஞ்சுதுங்கறது அவங்க முடிவு. நவஹோ நிலம் இந்த ரெண்டு மாநிலத்துலயும் இருக்கு. ஒரே சமூகம், கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு விதி, இந்தப் பக்கம் ஒரு விதி.

அந்த 1976 வழக்கு என்னன்னு தெரிஞ்சா கொஞ்சம் சங்கடமாயிடும். குழந்தைக்கு அப்பா யாருன்னு தீர்மானிக்கற வழக்கு அது. லீ கதையில எல்லை ஒரு ஏழைக் குடும்பத்துக்குக் கேடயம். இங்க அதே எல்லை காகிதம் போய்ச் சேராம நிறுத்துச்சு. இப்படிப்பட்ட வழக்குல காத்திருக்கறது ஒரு தாயும் பிள்ளையும். அதுக்காக எல்லையே வேண்டாம்னு நான் சொல்லலை. பழங்குடி கோர்ட்டு வழியா, அவங்க போலீஸ் வழியா, அவங்க அனுமதியோட காகிதம் குடுக்கற பாதை இருக்கு. பல இடங்கள்ல அப்படித்தான் நடக்குது. அந்தப் பாதை ஒழுங்கா வேலை செய்யணும்கிறதுதான் கேள்வி.

இதே 1976ல இன்னொரு காகிதம். மினசோட்டாவுல லீச் லேக் பழங்குடி நிலத்துல குடியிருந்த பிரையன் தம்பதியோட மொபைல் ஹோமுக்கு இடாஸ்கா கவுண்டி 147 டாலர் 95 சென்ட் வரி நோட்டீஸ் அனுப்பியிருந்துச்சு. 1953ல வந்த பொதுச்சட்டம் 280 மினசோட்டா மாதிரி சில மாநிலங்களோட கோர்ட்டுகளுக்குப் பழங்குடி நிலத்து வழக்குகளை விசாரிக்க அதிகாரம் குடுத்திருந்துச்சு. சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, தனிமனுஷங்க சண்டையை விசாரிக்கலாம், அதுக்காக வரி போடவோ மாநிலத்தோட கட்டுப்பாடுகளைத் திணிக்கவோ முடியாது. இந்தத் தர்க்கத்தைப் பிடிச்சுத்தான் 1987ல கலிஃபோர்னியா பழங்குடிகள் சூதாட்ட வழக்குல ஜெயிச்சாங்க. இன்னிக்கு நெடுஞ்சாலையோரம் பளபளன்னு நிக்கற அத்தனை பழங்குடி கேசினோவுக்கும் பின்னாடி அந்த நூத்துச் சொச்சம் டாலர் நோட்டீஸ் இருக்கு.

ரெண்டாவது ஆடு இப்ப வருது. நெவாடாவுல ஃபால்லன் பயூட்-ஷோஷோனி நிலம், சுமார் 8,000 ஏக்கர். அங்க குடியிருந்த ஹிக்ஸ்ங்கறவர் வெளியில பாதுகாக்கப்பட்ட பெருங்கொம்பு ஆடு ஒண்ணைச் சுட்டுட்டார்னு 1990ல வனவிலங்கு அதிகாரிகளுக்குச் சந்தேகம். மாநில நீதிபதி தேடுதல் வாரன்ட் குடுக்கும்போதே, பழங்குடி கோர்ட்டோட சம்மதமும் வாங்கிக்கன்னு எழுதிட்டார். வாங்கிட்டுப் போய்த் தேடினாங்க. கிடைச்ச தலை வேற வகை ஆடு, குத்தமில்லை. ஒரு வருஷம் கழிச்சு மறுபடி தேடினாங்க, மறுபடி ஒண்ணும் இல்லை. தலைகளைச் சேதப்படுத்திட்டாங்கன்னு ஹிக்ஸ் பழங்குடி கோர்ட்டுல அதிகாரிகள் மேல வழக்குப் போட்டார். 2001ல சுப்ரீம் கோர்ட், மாநில அதிகாரிகளைப் பழங்குடி கோர்ட்டு விசாரிக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. வெளிய நடந்த குத்தத்துக்காக மாநிலத்தோட வாரன்ட்டும் சம்மனும் உள்ள வர்றதுல மாநிலத்துக்கு நியாயமான அக்கறை இருக்குன்னும் நீதிபதி ஸ்காலியா எழுதினார். 1959ல வெளிய நின்ன அமீனா 2001ல வாசப்படி ஏறிட்டார்.

2020ல கிழக்கு ஓக்லஹோமாவுல கிரீக் இனத்தோட நிலம் இன்னமும் பழங்குடி நிலம்தான்னு ஒரு பெரிய தீர்ப்பு. 2022ல அதுக்கு எதிர்த்திசையில, 5-4 கணக்குல, பழங்குடி நிலமும் மாநிலத்தோட பகுதிதான்னு இன்னொண்ணு. அது குற்றவியல் வழக்குதான். பழங்குடி அல்லாதவர் பழங்குடிக்குச் செஞ்ச குத்தத்தை மாநிலமும் விசாரிக்கலாம்னு முடிவு. ஆனா வூஸ்டர் காலத்துப் பார்வை எப்பவோ கைவிடப்பட்டதுன்னு பெரும்பான்மை நீதிபதிகள் எழுத, நீதிபதி கோர்சச் கோபமா மறுத்து எழுதியிருக்கார். 1832 தீர்ப்பு மறுபடி ஏட்டுக்குள்ளயே போய் உக்காருமா, இல்லை இன்னொரு வில்லியம்ஸ் வந்து வெளிய எடுப்பாரான்னு தெரியலை.

என் பார்வையைச் சொல்லிடறேன். எல்லாருக்கும் ஒரே கோர்ட்டு, ஒரே சம்மன்னு சொல்றது கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா அந்த ஒரே கோர்ட்டு 90 மைல் தள்ளி, வேற மொழியில, உங்களுக்கு ஓட்டே இல்லாம அமைஞ்சதா இருந்தா, அது ஒரே கோர்ட்டு இல்லை, அடுத்தவன் கோர்ட்டு. அதுல தோத்தா போறது ஆடு.

நம்ம நாட்டுலயும் அரசியல் சட்டத்தோட ஆறாவது அட்டவணைப்படி மேகாலயா, மிசோரம் மாதிரி இடங்கள்ல மாவட்ட கவுன்சில்களுக்குத் தனி கோர்ட்டு வைக்கற அதிகாரம் இருக்கு. அங்க வெளியூர்க் கோர்ட்டுச் சம்மன் எப்படிப் போகுதுன்னு சட்டம் படிச்ச பதிவர்கள் யாராவது எழுதினா முதல் பின்னூட்டம் என்னோடதுதான். எழுதுங்கப்பா.