பிட்கெய்ர்னைத் தேர்ந்தெடுத்தவர்கள்

வேலையை எங்கிருந்து வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆபீஸில் சொன்ன வருடம், நானும் எல்லாரையும் போல ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்தேன். வெப்பமண்டலத் தீவுகள், வரிசைக்கு ஒன்று. வாடகை, விசா, இன்டர்நெட், ஆஸ்பத்திரி, புயல், பாதுகாப்பு என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க். ராத்திரி மனைவியிடம் காட்டினேன். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "பாதுகாப்புன்னு ஒரு கட்டம் போட்டிருக்கியே, அது யாருக்கு?" என்றாள். பதில் தெரியாததால் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பவுண்டி கப்பல் கலகத்தைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். கலகம் நமக்குத் தெரிந்த கதை. சினிமாவாகவே பலமுறை வந்துவிட்டது. 1789 ஏப்ரல் 28, டோங்காவுக்குப் பக்கத்தில் பிளெட்சர் கிறிஸ்டியன் தன் கேப்டன் வில்லியம் பிளையையும் அவருக்கு விசுவாசமான 18 பேரையும் ஒரு சின்னப் படகில் இறக்கிவிட்டான். அவர்கள் பிழைத்து திமோர் போய்ச் சேர்ந்தது தனி சாகசம். எனக்கு அதைவிட மறுநாள் காலைதான் சுவாரசியம். கையில் ஒரு திருட்டுக் கப்பல், பிடிபட்டால் தூக்கு. எந்தத் தீவுக்குப் போவது?

முதலில் தேர்ந்தெடுத்தது தஹிதிக்குத் தெற்கே உள்ள டுபுவாய். அங்கே ஏற்கெனவே ஜனங்கள் இருந்தார்கள், வந்தவர்களை அவர்கள் விரும்பவில்லை. முதல் சில நாட்களிலேயே சண்டை, பீரங்கிச் சூடு. இருந்தும் கிறிஸ்டியன் விடவில்லை. டுபுவாயில் பன்றி, ஆடு கிடையாது என்பதால் சாமான் வாங்க தஹிதிக்குத் திரும்பிப் போனான். அங்கே சொன்ன பொய் அபாரமானது: கேப்டன் குக்கை வழியில் சந்தித்தோம், அவர் புதிய குடியிருப்பு அமைக்கிறார், பிளை அவரோடு தங்கிவிட்டார், சாமான் வாங்கிவர எங்களை அனுப்பினார். குக் செத்துப் பத்து வருடம் ஆகியிருந்தது. தஹிதி மக்களுக்கு அது தெரியாது. தெரியக்கூடாது என்று முன்பே பார்த்துக்கொண்டவர் சாட்சாத் பிளைதான். குக்கின் பெயருக்காக நூற்றுக்கணக்கான பன்றிகள் வந்தன. செலவில்லாத ஷாப்பிங். ஆனாலும் டுபுவாய் கைகூடவில்லை. கோட்டை கட்டப் பள்ளம் தோண்டினார்கள், மறுபடி சண்டை, பல டுபுவாய்க்காரர்கள் செத்தார்கள். செப்டம்பரில் கைவிட்டார்கள்.

கப்பலில் இருந்தவர்களில் 16 பேர் தஹிதியே போதும் என்று இறங்கிக்கொண்டார்கள். கிறிஸ்டியனுக்குத் தெரியும், கடற்படை முதலில் தேடப்போவது அங்கேதான். மிச்சமிருந்த எட்டுப் பேரோடு கிளம்பினான். உடன் ஆறு பாலினேசிய ஆண்கள், 12 பெண்கள், ஒரு கைக்குழந்தை. பெண்களில் பெரும்பாலோர் கப்பலுக்கு விருந்தாளிகளாக வந்தவர்கள். ராத்திரி நங்கூரக் கயிற்றை வெட்டிக் கப்பலை ஓட்டிவிட்டார்கள்.

இரண்டாவது தேர்வை கிறிஸ்டியன் புத்தகத்தைப் பார்த்துச் செய்தான். பிளையின் புத்தகங்களில் ஹாக்ஸ்வொர்த் தொகுத்த கடற்பயணக் குறிப்புகள் இருந்தன. 1767இல் கார்ட்டரெட் என்பவர் ஒரு சின்னத் தீவைப் பார்த்திருக்கிறார். மரங்கள் உண்டு, தண்ணீர் உண்டு, மனிதர் இருப்பதாகத் தெரியவில்லை, அலை மோதுவதால் கரையிறங்க முடியவில்லை. அதை முதலில் கண்ட பதினைந்து வயதுப் பையனின் பெயரையே வைத்தார்கள்: பிட்கெய்ர்ன். கார்ட்டரெட்டிடம் க்ரோனோமீட்டர் இல்லை. அதனால் தீர்க்கரேகை சுமார் மூன்று பாகை, அதாவது 300 கிலோமீட்டருக்கு மேல், தப்பாகப் பதிவானது. குறித்த இடத்தில் தீவு இல்லை. கிறிஸ்டியன் விடாமல் தேடி 1790 ஜனவரியில் கண்டுபிடித்தான். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் பக். அவனுக்கு அதுவே பெரிய வசதி. தேடிவருபவனும் அதே தப்பான வரைபடத்தைத்தான் வைத்திருப்பான்.

கணக்கு பலித்தது. பண்டோரா என்ற போர்க்கப்பல் தஹிதியில் 14 பேரைப் பிடித்தது, பிட்கெய்ர்னைக் கண்டுபிடிக்கவே இல்லை. மண் வளமானது, ஈரப்பலா இருந்தது. தீவு முழுக்க ஐந்து சதுர கிலோமீட்டர்கூட வராது, ஆனாலும் 28 பேருக்குத் தாராளம். முன்பு யாரோ வாழ்ந்துவிட்டுப் போன அடையாளமாகக் கல் மேடைகளும் சிலைகளும் கிடந்தன. முந்தைய வாடகைதாரர் ஏன் காலிசெய்தார் என்று கேட்கத் தோன்றும் இல்லையா? ஜனவரி 23 அன்று கப்பலை எரித்துவிட்டார்கள். என் ஷீட்டில் போட்டிருந்தால் பிட்கெய்ர்ன் முதலிடம் வந்திருக்கும்.

நிலத்தை ஒன்பது பங்காகப் பிரித்தார்கள், ஒன்பது வெள்ளைக்காரர்களுக்கு. ஆறு பாலினேசியர்களுக்கு எதுவும் இல்லை; அவர்கள் வேலையாட்கள். பெண்களையும் அப்படியே பிரித்தார்கள்: ஒன்பது பேருக்கு ஆளுக்கு ஒருத்தி, ஆறு பேருக்குச் சேர்த்து மூன்று பேர். வில்லியம்ஸின் மனைவி முட்டை எடுக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்து இறந்ததும், அவன் பாலினேசியர் ஒருவரின் மனைவியை எடுத்துக்கொண்டான். அதிலிருந்து ஆரம்பித்தது. முதலில் இரண்டு பாலினேசிய ஆண்கள் கொல்லப்பட்டார்கள். 1793இல் மிச்சம் நான்கு பேர் திருப்பி அடித்தார்கள். கிறிஸ்டியன் உட்பட ஐந்து வெள்ளையர்கள் ஒரே சமயத்தில் காலி. பிறகு அந்த நால்வரும் கொல்லப்பட்டார்கள். முன்பு சாராய ஆலையில் வேலைபார்த்த மெக்காய் ஒரு கிழங்கிலிருந்து சாராயம் காய்ச்சக் கற்று, அந்தப் போதையிலேயே பாறையிலிருந்து குதித்துச் செத்தான். குயின்டலை மற்ற இருவர் கோடரியால் வெட்டினார்கள். யங் ஆஸ்துமாவில் போனான். 1808இல் டோபாஸ் என்ற அமெரிக்கக் கப்பல் தற்செயலாக வந்தபோது ஆண்களில் மிஞ்சியிருந்தது ஜான் ஆடம்ஸ் ஒருவன் மட்டும். சுற்றிலும் பெண்களும் பிள்ளைகளும். ஆடம்ஸ் பைபிள் சொல்லிக்கொடுத்து அவர்களை வளர்த்த கதை இங்கிலாந்தில் ரொம்பப் பிரபலமாயிற்று. பிட்கெய்ர்ன் ஒரு புனிதத் தீவாகவே ஆகிவிட்டது. அந்தப் பெயர் எவ்வளவு தூரம் மறைத்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. 2004இல் சிறுமிகள் மீதான பாலியல் குற்றங்களுக்காக ஏழு ஆண்கள் அந்தத் தீவிலேயே விசாரிக்கப்பட்டார்கள், ஆறு பேர் தண்டனை பெற்றார்கள். ஐம்பது பேர் வாழும் தீவில்.

கூகுள் மேப்ஸில் இப்போது பிட்கெய்ர்ன் சரியான இடத்தில்தான் இருக்கிறது. விமான நிலையம் கிடையாது. புதிதாகக் குடியேற வருகிறவர்களுக்கு நிலம் இலவசம். வருகிறவர்கள்தான் அபூர்வம்.

மனைவியின் கேள்விக்கு நான் தேடிய பதில் ஆடம்ஸிடம் இல்லை, தெஹுதெயாதுவாவோனோவாவிடம் இருக்கிறது. ஆங்கிலேயர்கள் சுருக்கமாக ஜென்னி என்றார்கள். கையில் ஆடம்ஸ் அப்போது வைத்திருந்த பெயரின் முதலெழுத்துகளும் 1789 என்ற வருடமும் பச்சை குத்தியிருந்தது. 1794இல், கொலைகள் நடந்த மறுவருடம், அந்தப் பெண்கள் தீவைவிட்டுப் போக ஒரு படகு கட்டச் சொன்னார்கள். பலகை போதவில்லை. ஜென்னி தன் வீட்டுப் பலகைகளையே பிடுங்கிக் கொடுத்தாள், மற்றவர்களையும் அப்படிச் செய்யச் சொன்னாள். ஆகஸ்டில் படகு தண்ணீரில் இறங்கியதும் கவிழ்ந்தது. எதிர்பார்த்தபடியே என்று யங் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தான்.

அவள் இன்னும் 23 வருடம் காத்திருந்தாள். 1817இல் சுல்தான் என்ற கப்பல் வந்தது. அதில் ஏறி, எங்கெங்கோ சுற்றி, தஹிதிக்குத் திரும்பிவந்தாள். தீவில் நடந்ததை அவள் சொல்ல, 1819இல் ஒரு சிட்னி பத்திரிகை அச்சிட்டது.